வக்கீல் படிப்புக்கு நைனா கேட்ட ஏலம்

சட்டம் படிக்க ஆகும் செலவு என்பது எங்கள் ஊருக்கும் பொன்னேரிக்கும் உள்ள தூரத்தைப் போல, யார் கேட்டாலும் மாறாமல் நிற்கும் ஒன்று என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். அப்போது பி.ஏ. முடித்திருந்தேன், அதுவும் முதல் வகுப்பில். படிப்புக்கும் மடத்தனத்துக்கும் பகை கிடையாது என்பதற்கு ஊரில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆகிற செலவை ஒழுங்காகக் கூட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னால், கேட்டவர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். போன வருஷம் என் மகளின் சட்டப் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, மேலாளர், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், "மொத்தம் எவ்வளவு ஆகும்னு எதிர்பார்க்கிறீங்க சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், பிறவிக் கோளாறு. ஊரெல்லாம் என்னைத் தமாஷ் பேர்வழி என்று சொல்வது இதை வைத்துத்தான். உண்மையில் நான் பாதி ஆயுளை நடுங்கியே கழித்தவன். மேலாளர் ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். நான் நைனாவை நினைத்துக்கொண்டேன்.

நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்து மீனவ வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர். பழவேற்காடு ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்துக்கு அருகே ஒரு மணல் திட்டில் எங்கள் ஊர் இருந்தது. ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வலையோடு வலை சிக்கும், பிறகு மண்டையோடு மண்டை சிக்கும். அதனால் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்ன குடும்பம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறையின் பெயர் பாடு. பாடு உள்ளவன் ஊரில் ஒரு மனுஷன். இல்லாதவன் அடுத்தவன் வலையை இழுத்துக் கூலி வாங்குகிறவன். எங்கள் வீட்டுக்கு ஒரு பாடு இருந்தது. வீட்டில் வேறு எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எழுபதுகளில் எறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும், பாடே இல்லாத சிலர் வியாபாரிகளின் பணத்தை வைத்துக்கொண்டு எங்கள் இடத்தில் வலை இறக்கினார்கள். அடிதடியாகி, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. எங்களுக்கு வாய்த்த பட்டணத்து வக்கீல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு கூடை எறால் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இன்னொரு தேதியைக் கொடுத்து அனுப்பினார். ஊர்த் தலைவர் என் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா. ஒருநாள் கூட்டத்தில் அவர் சொன்னார்: "அந்தாளு துன்ன எறாவ வித்திருந்தா நாமளே ஒரு கோர்ட்டு கட்டியிருக்கலாம். நம்ம பசங்கள்ல ஒருத்தன வக்கீலாக்குவோம். ஊர்ப் பணத்துல படிக்கட்டும். வூட்டுச் சோத்த துன்னுட்டு வந்து வாதாடட்டும்."

அப்போது ஊரில் பி.ஏ. முடித்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், சித்தப்பா மகன் இன்னொருவன். வருஷத்துக்கு என்ன செலவாகும் என்று விசாரித்து வரும்படி மாமா என்னை அனுப்பினார். நான் பட்டணம் போய், கல்லூரி வாசலில் நின்று, நாலு மாணவர்களை நச்சரித்து, கட்டணம், புத்தகம், அறை வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, காலைப் பலகாரம், சலவை, கறுப்புக் கோட்டு, ஊருக்கு வந்துபோகப் படகும் பஸ்ஸும் என்று எல்லாவற்றையும் கூட்டினேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வந்தது. ஒரு காசு கூட்டவில்லை. அந்த நேர்மையில் எனக்கே ஒரு கர்வம் இருந்தது.

கூட்டம் பூவரச மரத்தடியில் மத்தியானம் நடந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் குடும்பத் தலைவர்கள் மட்டும்தான் வாய் திறக்கலாம். பிள்ளைகள், எம்.ஏ.வே படித்திருந்தாலும், கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சலவை என்ற இடத்தில் முதல் சிரிப்பு வந்தது. காலைப் பலகாரத்துக்கு மாமாவே சிரித்தார். "இன்னா மாப்ள, வக்கீலுக்குப் படிக்கப் போறியா, மாமியார் வூட்டுக்கு விருந்துக்குப் போறியா?" என்றார். மொத்தத் தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அந்த அமைதியில் சித்தப்பா எழுந்தார். நைனாவின் சொந்தத் தம்பி. இருவருக்கும் ஒரு வலைக் கயிற்றில் தொடங்கிய சண்டை பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. "தலைவரே, எம்மவனும் அதே படிப்புதான் படிச்சிருக்கான். அவன் ஆயிரத்து ஐநூறுல முடிச்சிடுவான்" என்றார்.

மாமாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊர்ப் பொதுவிலிருந்து எதை ஒருவருக்குக் கொடுத்தாலும் ஏலம் விட்டுத்தான் கொடுப்பது எங்கள் வழக்கம். கரையில் மீன் வாங்கும் உரிமை ஏலம். அக்கரைக்குப் படகு ஓட்டுவது ஏலம். கோயில் பனை மரங்கள் ஏலம். திருவிழா முடிந்து மிஞ்சின பந்தல் கழிகள்கூட ஏலம். வக்கீல் படிப்பு மட்டும் என்ன ஒசத்தி? மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. யாரு கொறச்சலா கேக்கறாங்களோ, அவன் புள்ளைக்குப் படிப்பு. மச்சான், நீ இன்னா சொல்ற?"

நைனா எழுந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை நைனா எந்த ஏலத்திலும் ஜெயித்ததில்லை. ஏலம் என்றால் பணம் உள்ளவன் ஏற்றிக்கொண்டே போவது; நைனா இரண்டாவது சுற்றிலேயே வாயை மூடிக்கொள்வார். வாழ்க்கையில் முதல் தடவையாக, இல்லாதவன் ஜெயிக்கிற ஏலம் ஒன்று அவர் முன்னால் வந்து நின்றது. அவருக்காகவே செய்தது போல.

"எம்புள்ள காலைல துன்றதே கெடையாது" என்றார். "ஆயிரத்து நானூறு."

அன்று காலையில் நான் ஒரு சட்டி பழைய சோறும் கருவாடும் தின்றிருந்தேன். அதை அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"எம்மவனுக்கு ராச்சோறு வாணாம். ஆயிரத்து எரநூறு" என்றார் சித்தப்பா.

"இவன் சினிமாக்கு போமாட்டான். ஆயிரத்து நூறு."

"சினிமா கணக்குலயே இல்லியே மச்சான்" என்றார் மாமா.

"இல்லாட்டியும் கழிச்சிக்க."

அதன்பிறகு அண்ணனும் தம்பியும் எங்கள் இரண்டு பேரையும் உரிக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா தன் மகனின் அறையை எடுத்துவிட்டு ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் படுக்க வைத்தார். நைனா என் கோட்டைக் கழற்றினார். "பாஸாகட்டும், அப்பால பாத்துக்கலாம். முண்டமாவா போறான், சட்ட போட்டுகினுதான போறான்." சித்தப்பா புத்தகத்தை நீக்கினார், கூட்டாளி பக்கத்தில் குந்திக்கொண்டு எட்டிப் பார்த்துப் படிப்பானாம். "எம்புள்ளைக்கு எட்டிக்கூட பாக்க வாணாம், காதுல உழுந்தாலே மனப்பாடம்" என்றார் நைனா. தொகை எழுநூறுக்கு வந்துவிட்டது. மரத்தின் அந்தப் பக்கம் சித்தப்பா மகன் நின்றான், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் ஒருவரையொருவர், வெட்டப் போகிற இரண்டு ஆடுகள் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டோம். பேசக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். யாரோ ஒருவர், "பாருடா, பையன் சிரிக்கிறான். இன்னா தெகிரியம்" என்றார். நைனா திரும்பிப் பார்த்தார். மகனே சிரிக்கிறான் என்றால் இன்னும் இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பட்டணத்துல, காசிமேட்டுல என் தங்கச்சி வூடு கீது. படுக்கறது, துன்றது எல்லாம் அங்கியே. பீஸுக்கு மட்டும் குடுங்க. ஐநூறு."

"அவ எனக்கும் அக்காதான்" என்று சித்தப்பா துடித்தார்.

"நான் மொதல்ல சொல்லிட்டேன்."

மாமா கொஞ்சம் யோசித்துத் தீர்ப்பு சொன்னார். அக்காவாக இருந்தாலும் தங்கையாக இருந்தாலும், முதலில் வாயில் எடுத்தவனுக்கே அத்தை. பிறகு நைனாவைப் பார்த்து, "படிப்ப பாதில வுட்டுட்டு வந்தான்னா ஊர்ப் பணம் திரும்பி வரணும். வரலன்னா உன் பாடு ஊருக்கு. சம்மதமா?" என்று கேட்டார்.

"எடுத்துக்க" என்றார் நைனா. அது ஒரு நிபந்தனை என்பதே அவர் காதில் விழவில்லை. மூன்று தரம் சொல்லி முடித்ததும் ஆட்கள் அவர் முதுகில் தட்டினார்கள். வீட்டில் அம்மா, "அவன் துன்றதுக்கு இன்னாய்யா பண்ணுவான்?" என்று கேட்டாள். "ஜெயிச்சிட்டேன்டி" என்றார். அன்று முழுக்க எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

அத்தைக்கு இந்த ஏலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு கூடை கருவாட்டோடு நான் போய் நின்று சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க நைனா என்னியும் சேத்து ஏலத்துல குடுத்துட்டானா?" என்றாள். சோறு போட்டாள். ஒவ்வொரு வேளையும், "வக்கீலய்யாவுக்கு இன்னொரு கரண்டி ஊத்து, நாளைக்கு நம்மள ஜெயில்ல போடாம இருப்பாரு" என்று தன் மகளிடம் சொல்லிக்கொண்டே போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடும் நன்றாகச் சாப்பிட்டேன். முதல் வருஷம் தேறினேன். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் அத்தையின் கட்டிக்கொடுத்த மூத்த மகள் பிரசவத்துக்கு வந்தாள். அத்தையின் புருஷனுக்குக் காலில் முள் பாய்ந்து தொழிலுக்குப் போக முடியாமல் ஆனது. ஒருநாள் அத்தை தட்டை வைக்கவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மண்ணடியில் நாலு மாணவர்கள் இருந்த அறையின் வாசல் பக்கத்தில் படுத்துக்கொள்ளப் போனேன். ஒருவேளைச் சாப்பாடு. ஒப்பந்தச் சட்ட வகுப்பில் ஒருநாள் மயங்கி விழுந்தேன். பாடம் அவ்வளவு சலிப்பாக இருந்ததோ என்று ஆசிரியர் வருத்தப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தர்ம நிதியைப் பற்றித் தெரிந்தது. ஒரு பழைய வியாபாரக் குடும்பம் நடத்தியது. மேல்படிப்பு படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது. படிக்க என்ன ஆகும் என்று பார்ப்பார்கள், வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வருவதைக் கழிப்பார்கள், மிச்சத்தைக் கொடுப்பார்கள். நான் மறுபடியும் என் நேர்மையைத் தூசி தட்டி எடுத்தேன். விலைவாசி ஏறியதில் செலவு இப்போது இரண்டாயிரம், ஊர் தருவது ஐநூறு, தேவை ஆயிரத்து ஐநூறு. நிதியின் காரியதரிசி வெள்ளை வேட்டி கட்டிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துத் தலையசைத்தார். "நியாயமாத்தான் இருக்கு தம்பி. தகப்பனாரை ஒருதரம் கூட்டிண்டு வாங்கோ. அவர் வாயால கேட்டுண்டா போதும், கொடுத்துடலாம்" என்றார். நான் அன்று கடன் சொல்லி இரண்டு வேளை சாப்பிட்டேன்.

நைனா முதல் தடவையாகப் பட்டணம் வந்தார். கல்யாணத்துக்கு உடுத்துகிற வேட்டி, மஞ்சள் பை. பஸ் நிலையத்திலிருந்து நடக்கும்போதே நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நைனா, நெறைய ஆவுதுன்னு சொல்லணும். நம்மகிட்ட இல்லன்னு சொல்லணும்." அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். நிதி அலுவலகத்தின் வாசலில் ஒரு நீள பெஞ்சு. அதில் நாலைந்து அப்பாக்களும் அவரவர் பிள்ளைகளும். நைனா நின்றுவிட்டார்.

"இவங்கல்லாம் யாருடா?"

"நம்மள மாதிரிதான் நைனா. படிப்புக்குப் பணம் கேட்டு வந்தவங்க."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நைனா பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே காரியதரிசி மரியாதையாக நாற்காலி காட்டினார். நைனா உட்காரவில்லை. நின்றுதானே ஏலம் கேட்பார்கள்.

"பையன் படிப்புக்கு வருஷத்துக்கு என்ன ஆறதுன்னு நெனைக்கறேள்?"

"வெளில மொதல்ல குந்திகினு கீறாரே, கண்ணாடி போட்டவரு, அவரு எவ்ளோ கேட்டாரு?"

காரியதரிசிக்கு வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது. "அவர் ரெண்டாயிரத்து நூறுங்கறார்."

"ஐநூறு" என்றார் நைனா.

நான் அவர் காலை மிதித்தேன். மிதித்ததற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்றால், "நானூறு" என்றார். இன்னும் அழுத்தி மிதித்தேன். "முந்நூத்தம்பது. காலைல துன்றதே கெடையாது சாமி. நீங்களே கேட்டுப் பாருங்க."

காரியதரிசி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, பைத்தியக்காரன் போலச் சிரித்தேன். "அப்படி இல்லீங்க சார்" என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்பு மட்டும்தான் வந்தது. அவர் முகம் மாறியது. தன்னை வைத்து அப்பனும் பிள்ளையும் கூத்து நடத்துகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் குரல் உயரவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை மடித்துத் திருப்பித் தந்தார். "நாங்க கொடுக்கறது இல்லாதவாளுக்கு. ஊர் ஐநூறு கொடுக்கறது. செலவு முந்நூத்தம்பதுன்னு பெரியவரே சொல்றார். நூத்தம்பது மிஞ்சறது. இஷ்டமிருந்தா அதை நிதிக்குக் கொடுங்கோ, ரசீது தரச் சொல்றேன்."

நைனாவுக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்து, கைகூப்பிக் கேட்டார்: "அப்ப நம்புளுக்குத்தான சாமி?"

"உங்களுக்கேதான்" என்றார் காரியதரிசி. சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு பயத்தில் வந்ததல்ல. அந்த மாதிரி எனக்குச் சிரிக்க இன்றுவரை வரவில்லை.

வெளியே வந்ததும் நைனா, கண்ணாடி போட்டவரைப் பார்த்து நின்றார். அந்த மனிதருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "ரெண்டாயிரம்னு கேட்டா எவன் சார் குடுப்பான்? அடுத்த வருசம் கொறச்சி கேளுங்க" என்றார். பஸ் நிலையத்தில் எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். "துன்னு. இனிமே இன்னா கவல" என்றார். நடந்ததை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. ஊருக்குப் போய், பட்டணத்திலும் ஜெயித்ததாக ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி போட்டவர் தலைகுனிந்து போனதாகவும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மழைக்காலம் முடிந்து பரீட்சைக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோது, ஊர்ப் பணத்தை நான் தின்று முடித்திருந்தேன். கட்டணம் கட்டவில்லை. பெயரை அடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினேன். மறுநாள் கூட்டம்.

"பட்டணத்துலயும் ஏலம் எடுத்துட்டேன்னு சொன்னியே மச்சான், அந்தப் பணம் எங்க?" என்று மாமா கேட்டார்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் தனக்காகப் பேசச் சொல்லி ஒருவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்தேன்.

"உக்காருடா. புள்ளைங்க பேசக் கூடாது" என்றார் மாமா.

உட்கார்ந்தேன். பட்டணத்தில் என்ன நடந்தது என்று நைனா கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஊர். அதிகமாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்பது இன்னொரு ஊரின் வழக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு மனிதன் தன் மானத்தைத் திருப்பிப் போட்டு உடுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பணம் திரும்பவில்லை. எங்கள் பாடு ஏலத்துக்கு வந்தது; கூட்டிக் கேட்கிற ஏலம். நைனா இரண்டாவது சுற்றில் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா எடுத்தார். அவர் மகன் எளாவூர் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனான். ஊருக்கு வக்கீல் வாய்க்கவில்லை. நான் பொன்னேரியில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். நைனா தன் தம்பியின் படகில் கூலிக்குச் சேர்ந்து, முன்பு தன் பாடாக இருந்த இடத்தில், எண்பதுகளின் நடுவில் சாகும்வரை வலை இழுத்தார்.